உக்கிரபாண்டி போட்ட மன்னிப்புச் சட்டம்

பேயாண்டி மன்னிப்புக் கேட்கிறவரை வெற்றிலை போடுவதில்லை என்று உக்கிரபாண்டி சபதம் செய்தார். வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது, பேச்சு வராது, சோறு செரிக்காது. பரவை முழுக்க இது தெரியும். அதனால் சபதத்தைக் கேட்டவர்கள் கொஞ்சம் பயந்துதான் போனார்கள்.

ஜில்லா போர்டு தேர்தல் வந்த வருஷம் அது. உக்கிரபாண்டி கதர்க் கட்சி. ஒலிபெருக்கி எட்டிப் பார்க்காத அந்த நாளில், அவர் பரவைச் சந்தையில் முழங்கினால் வைகைக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பேயாண்டி அவருக்கு மச்சான், மனைவி ஒச்சாயியின் ஒரே அண்ணன். பேரையூரில் பருத்தி வெள்ளாமை. கட்சி, ஜமீன் கட்சி. அந்த மனிதர் பேரையூர் மேடையில் ஏறி, கதர்க்காரன் ஜெயிலுக்குப் போவது தேசத்துக்காக இல்லை, சோற்றுக்காக என்று சொல்லிவிட்டார்.

உக்கிரபாண்டி கள்ளுக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அங்கே கேப்பைக்களியில் கிடந்த கல்லுக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பறிகொடுத்தவர். அந்தச் சோற்றுக்காகவா போனார்? வயிறு எரியுமா எரியாதா? அடுத்த சந்தையன்றே மேடை போட்டார். ஜமீன் கட்சியில் இருக்கிறவனைப் பெற்றவள் பிள்ளையா பெற்றாள், அம்மிக்கல்லைப் பெற்றாள் என்று ஒரு போடு போட்டார். சந்தையே சிரித்தது. அவர் வீட்டில் மட்டும் சிரிப்பைக் காணோம்.

"எங்காத்தா பெத்தது ரெண்டு," என்றாள் ஒச்சாயி. "ஒண்ணு எங்கண்ணன், இன்னொண்ணு நான். அவுக அம்மின்னா நான் யாரு, குழவியா?"

"அது பொதுவாச் சொன்னது புள்ள."

"எங்காத்தாளுக்குப் பொதுவா வலிக்கலையே."

வலி அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆவணியில் மகள் பாண்டியம்மாளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தில் காது குத்தினதில்லை. ஆசாரி ஊசியை எடுக்கவே மாட்டார். ஒச்சாயிக்கோ அண்ணன் ஒருவர்தான். அவரும் "அம்மிக்கல்லுக்கு மடி ஏது?" என்று சொல்லியனுப்பிவிட்டார். நாளைக்கு நாலு பேர் தன் மகளை மூளிக்காதுக்காரி என்று சொன்னால், ஒச்சாயி எந்தக் கட்சியிடம் போய் முறையிடுவாள்?

பேரையூருக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். உக்கிரபாண்டி எகிறிக் குதித்தார். மேடையில் பேசினதற்கு எந்த ஊரில் எவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான்? அரசியலில் இதெல்லாம் சகஜம் என்றார். அதே மூச்சில், மேடையில் அப்படிப் பேசின பேயாண்டி மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்றார். ஒரே வாய், ஒரே மூச்சு. சபதம் பிறந்தது அப்போதுதான்.

ஒச்சாயி அதற்குமேல் பேசவில்லை. அவள் வாயடைத்துப் போனதற்கு அவர் பயந்திருக்க வேண்டும். வெற்றிலை போடாத மூளை, வேலை செய்யவில்லை.

மறுநாள் கம்பங்கூழை வைத்துவிட்டு அவளே பேச்சை எடுத்தாள். யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் நியாயம், இப்படிப் பேசிவிட்டு எவனும் சும்மா போகக்கூடாது என்றாள். உக்கிரபாண்டிக்குக் கூழ் இனித்தது.

"மன்னிப்புன்னா எப்பிடிக் கேக்கணும்? வீட்டுக்குள்ள வந்து காதோட காதாச் சொன்னாப் போதுமா?"

"போதாது. சந்தையிலே, எல்லாரும் பாக்கக் கேக்கணும்."

"தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டே கேட்டா?"

"அதெப்பிடி? துண்டை எடுத்து இடுப்புல கட்டணும்."

"நான் பொதுவாத்தானே சொன்னேன்னு நழுவிட்டா?"

உக்கிரபாண்டி கூழ்ச்சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பொதுவாவது தனியாவது! சொல்லு யார் மேல பட்டுச்சோ, அவுக காலுல விழணும்."

"எந்தக் கட்சிக்காரவுகளா இருந்தாலுமா?"

இந்த இடத்தில் அவர் சற்று இழுத்தார். ஒரு கட்சிக்கு மட்டும் சட்டம் போட்டால் ஓரவஞ்சனை என்பார்களே என்று ஒச்சாயி கவலைப்பட்டாள். அதுவும் சரிதான் என்று அவர் எந்தக் கட்சிக்கும் ஆக்கிவிட்டார். எழுந்து நின்று போட்ட சட்டத்தில் ஓட்டை இருக்கலாமா?

அன்றே ஒச்சாயி, ஆத்தாளைப் பார்த்துவிட்டு வருகிறேன், வரும்போது உங்கள் சட்டத்தையும் அண்ணன் காதில் போட்டுவிட்டு வருகிறேன் என்று மகளைத் தூக்கிக்கொண்டு பேரையூருக்கு வண்டியேறினாள். இப்படி ஒரு பெண்சாதி எவனுக்கு வாய்க்கும் என்று உக்கிரபாண்டி பூரித்துப் போனார்.

சந்தை நாள் வந்தது. கூட்டத்துக்குத் தலைமை, கமிஷன் மண்டி நல்லகாமன். உக்கிரபாண்டி வெற்றிலைப் பஞ்சத்தில் கண் சிவந்து நின்றார். வந்த ஆத்திரத்தையெல்லாம் திரட்டிச் சட்டத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். சந்தை மேடை. இடுப்பில் துண்டு. பட்டவர் காலில் விழ வேண்டும். கட்சி கிடையாது. கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கைதட்டலைக் கேட்டால் அவருக்கு நாக்கு நிற்காது. நானே தப்பாகப் பேசினாலும் எனக்கும் இதே சட்டம்தான் என்று ஒரு வரியைக் கூடச் சேர்த்தார்.

அப்போது கூண்டுவண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து பேயாண்டி இறங்கினார். துண்டு இடுப்பில் இருந்தது.

அவர் நேராக மேடை ஏறினார். "செயிலுக்குப் போனவுகளைச் சோத்துக்குப் போனாகன்னு சொன்னேன். தப்பு. மாப்ள பொறுத்துக்கிடணும்" என்று சொல்லி, வயதில் மூத்தவர், இளையவர் காலில் விழுந்தார். உக்கிரபாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. வெற்றிலைப் பையைக் கூடத் தேடினார். அதற்குள் கைதட்டல் எழும்பியது. தனக்குத் தட்டினதைவிடப் பலமாகத் தட்டுகிறார்கள். ஜமீன் கட்சிக்காரனுக்கு, பரவைச் சந்தையில், அதுவும் இவர் போட்ட மேடையில்! அநியாயம் இல்லையா?

கைதட்டல் ஓய்ந்தது. கருப்பட்டிக் கடை காசிமாயன் எழுந்து, "அண்ணே, அந்த அம்மிக்கல்லு?" என்றான்.

உக்கிரபாண்டி நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் பந்தலில் எத்தனை கீற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் துண்டைப் பார்த்தது. வேறு வழியில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தேசத்தின் இன்றைய நிலைமையை உத்தேசித்து" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் வேணாம்ணே, விசயத்துக்கு வாங்க" என்று ஒரு குரல் வந்தது. வந்தார். விழுந்தார். பேயாண்டி தூக்கிவிட்டு, மருமகளுக்கு என் மடி இருக்கிறது மாப்ள என்றார். இதற்கும் கை தட்டினார்கள். ஆனால் இரண்டாவதாக விழுந்தவனுக்கு எம்புட்டுத் தட்டுவார்களோ அம்புட்டுத்தான்.

ஒச்சாயி இருந்த கூண்டுவண்டி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் நடந்தார்கள். பேயாண்டி வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அது உள்ளே போனதும் உக்கிரபாண்டிக்கு மூளை வேலை செய்தது. இவ்வளவு லேசில் எப்படி மச்சான் இறங்கி வந்தீர்கள் என்று கேட்டார்.

"எங்க இறங்கினேன்? உங்க பொஞ்சாதி இறக்குனா. வந்ததுலருந்து பச்சத்தண்ணி தொடலை. எம்புருசன் சோத்துக்குச் செயிலுக்குப் போனாருன்னா, வீட்டுல நான் சோறு போடலைன்னுதான அருத்தம்னு கேட்டா. நீங்க ரெண்டு பேரும் கட்சியைத் திட்டுறோம்னு சொல்லிக்கிட்டு என்னையத்தான் மாத்தி மாத்தித் திட்டியிருக்கீகன்னா. நான் என்னத்தச் சொல்ல?"

 முதலில் குனிகிறவனுக்குத்தான் கை தட்டுவார்கள் என்று சொல்லி அண்ணனை முந்திக்கொள்ளச் செய்தவளும் அவள்தானாம். உக்கிரபாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூழை வைத்துச் சட்டம் எழுதி வாங்கியிருக்கிறாள்! ஆனாலும் வாசலுக்கு வரும்போது கோபம் தணிந்துவிட்டது. எப்படியோ பெண்ணுக்குக் காதுகுத்து உண்டு, வெற்றிலை உண்டு, விழுந்து எழுந்தாயிற்று, தொல்லை தீர்ந்தது. பெருமூச்சு விட்டு, இடுப்புத் துண்டின் முடிச்சில் கை வைத்தார்.

"அவுக்காதீக," என்றாள் ஒச்சாயி. "அம்மிக்கல்லைப் பெத்தவுக உள்ள உக்காந்திருக்காக."