சவுக்காரம் போட்டுத் தோய்த்த கிளச்

திருமணம் பேசும்போது சாதகம் பார்க்கிறார்கள், சீதனம் பேசுகிறார்கள், பையன் குடிப்பானா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள். பெண்ணின் அக்காவைக் கட்டியவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் மாப்பிள்ளைக்கு ஒருவரும் விசாரித்துச் சொல்வதில்லை. (என் மனைவி வாசுகியின் அக்காவைக் கட்டியவர் கனடாவில் இருக்கிறார். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.)

என் சகலன் சிறி அண்ணை கெட்டவர் அல்ல. கனடாவில் இருந்தபடியே பரந்தனில் இருக்கும் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மாமா வீட்டுத் தண்ணீர் மோட்டார் அவர் அனுப்பிய காசில் வந்தது. பிரிட்ஜும் அப்படித்தான். நான் அங்கே போகும்போது கொண்டுபோவது ஒரு சீப்பு வாழைப்பழம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா, "மூத்த மருமகன் கனடா. மற்றவர் உத்தியோகம்" என்பார். அந்த 'மற்றவர்' எனக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு பங்குனி மாதம் சிறி அண்ணை குளிருக்குத் தப்பி ஊருக்கு வந்தார். மதியச் சாப்பாட்டின்போது கணவாய்க் கறியைக் குழைத்தபடி சொன்னார்:

"அங்க ஆரும் சும்மா கராச்சுக்குப் போறேல்ல, மாமா. காருக்கு பிரேக் மாத்திறதெண்டாலும் நானேதான்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன்.

"மாமா, உங்கட மோட்டார் சைக்கிள் கிளச்சை நான் மாத்தித் தாறன்" என்றது என் வாய்.

மாமாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிளச் தேய்ந்துபோயிருந்தது. முறுக்கினால் அலறும், ஆனால் மாட்டுவண்டிதான் அதை முந்திக்கொண்டு போகும். மாமாவோ எங்கள் வாய்க்கால் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர். மறுநாள் காலை கிளிநொச்சியில் கூட்டம். சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் கூட்டம். பிந்திப் போனால் மற்ற வாய்க்கால்காரர் முந்திவிடுவார்கள். மாமாவின் வயல் காயும், கூடவே அவரை நம்பிய சனத்தின் வயலும் காயும்.

"உங்களுக்கு ஒரு பல்ப் மாத்தத் தெரியுமே?" என்று வாசுகி காதுக்குள் கேட்டாள்.

"வீடியோ இருக்கு" என்றேன்.

உண்மையாகவே இருந்தது. சென்னைத் தம்பி ஒருவர் சிரித்துச் சிரித்துக் கிளச் மாற்றினார். புதுப் பிளேட்டுகளைப் பூட்டுமுன் எஞ்சின் ஒயிலில் ஊறவைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். நானும் பழைய ஒயிலை வடித்து, பக்கத்து மூடியைக் கழற்றி, தேய்ந்ததை எடுத்துவிட்டு, வாங்கி வந்த பிளேட்டுகளை மாமியின் அலுமினியச் சட்டியில் ஊறவைத்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அந்த இடத்தில் ஒரு பாம்பு வந்து என்னைத் துரத்தியிருந்தால்கூட இன்றைக்கு நான் மரியாதையோடு வாழ்ந்திருப்பேன்.

வந்தவர் சிறி அண்ணை. கையில் போன். போனுக்குள் லண்டன் சித்தப்பா, சுவிஸ் மச்சாள், கனடாவில் இருந்து வாசுகியின் அக்கா. நான் கிளச் மாற்றுவதைக் குடும்பம் முழுவதும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன ஐசே இது! கிளச்சில ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. வழுக்குமெல்லே?"

"ஊறவைக்கச் சொல்லி வீடியோவில சொன்னவங்கள், அண்ணை."

"ஆர் சொன்னது?"

"சென்னையில ஒரு பொடியன்."

சிறி அண்ணை போனைப் பார்த்துச் சிரித்தார். போனும் சிரித்தது.

"சிறி சொல்லுறதுதான் சரி" என்றார் லண்டன் சித்தப்பா. "வடிவாத் தோயுங்கோ" என்றாள் சுவிஸ் மச்சாள்.

காரின் கிளச் உலர்ந்திருக்க வேண்டியது. மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலில் கிடக்க வேண்டியது. சிறி அண்ணைக்குக் காரைத்தான் தெரியும். எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டும் தெரிந்திருந்தது. ஆனால் மாமா பின்னால் நின்று, "மூத்தவர் சொல்லுறபடி செய்யும், தம்பி" என்றார். நான் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரத் தூள் போட்டு, தென்னந்தும்பால் தேய்த்து, ஒவ்வொரு பிளேட்டாகத் தோய்த்தேன். பிறகு மாமியின் மோர்மிளகாய்ச் சுளகில் ஓர் ஓரமாகக் காயவைத்தேன்.

"உதென்ன, தம்பி, வடகமோ?" என்றார் மாமி.

பிளேட்டில் இருக்கும் கோர்க் தண்ணீர் குடித்தால் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இறுக்கிப் பூட்டினேன். புது ஒயில் விட்டு உதைத்ததும் எஞ்சின் இனிமையாகப் பாடியது. நான்கு நாடுகளில் கைதட்டினார்கள். ஒருக்கால் ஓடிப் பார்க்கிறேன் என்றேன். மாமா விடவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த நாட்கள் அவரை இன்னும் விட்டுப் போகவில்லை.

"சும்மா எதுக்குப் பெற்றோலை எரிப்பான்? காலமை ஓடேக்க பாப்பம்."

காலையில் மாமா வெள்ளை வேட்டி, சட்டையோடு வந்து பின்சீற்றில் ஏறினார். "பூட்டின ஆள்தான் ஓடவேணும்" என்றார். (அதில் இருந்த முன்னெச்சரிக்கை எனக்கு அப்போது விளங்கவில்லை.) சிறி அண்ணை போனை உயர்த்தினார். நான் கிளச்சைப் பிடித்துக்கொண்டு முதலாம் கியரைப் போட்டேன்.

கிளச் பிடித்திருக்கும்போது வண்டி நிற்க வேண்டும். இது பாய்ந்தது. மோர்மிளகாய்ச் சுளகின் மேலால் போய், கேற்றுக்குள்ளால் வெளியேறி, வாய்க்கால் ரோட்டில் ஓடியது. பின்னால் மாமி யாரையோ திட்டுவது கேட்டது. யாரை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"மெதுவாப் போம், தம்பி!"

"மெதுவாப் போனா நிண்டிடும், மாமா!"

பிரேக் பிடித்தால் எஞ்சின் செத்துவிடும். நியூட்ரலுக்கும் வராது; கியரிலேயே தள்ளித்தான் திரும்பக் கிளப்ப வேண்டும். பரந்தன் சந்தியில் மாடுகள் குறுக்கே வந்தன. நின்றது. கமக்கார அமைப்பின் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏ9 வீதியில் என்னைத் தள்ளினார். கிளம்பியதும் ஓடிவந்து பாய்ந்து ஏறினார். கொஞ்சத் தூரத்தில் ஒரு பஸ் எங்களை நிறுத்தியது. மறுபடியும் தள்ளினார்.

அப்போது மற்ற வாய்க்காலின் தலைவர், அதே கூட்டத்துக்குப் போகிறவர், தன் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன, தலைவர், சைக்கிள் பழுதோ? ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

மாமா மூச்சு வாங்கினார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது.

"சீச்சீ, பழுதொண்டுமில்லை. மருமகன் தன்ர கையால புதுக் கிளச் போட்டவர். நல்லா ஓடுது" என்றார்.

அந்த மனிதருக்காக அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். ஆனால் அவர் அதற்குள் தள்ளத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாசலில் வண்டி கடைசித் தடவையாகச் செத்தது. ஒயிலும் புழுதியும் அப்பிய வேட்டியோடு மாமா உள்ளே போனார். கூட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மினுக்கின சட்டையோடு இருந்தவர்களைப் பார்த்து அதிகாரி சொன்னாராம்: "இந்த ஐயாவைப் பாருங்கோ. வயலுக்குள்ளால நேர வந்திருக்கிறார். முதல்ல அவர் கதைக்கட்டும்." எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் போகம் தண்ணீர் கிடைத்தது.

மாமா பஸ்ஸில் வீடு திரும்பினார். நான் மோட்டார் சைக்கிளைக் கராச் வரைக்கும் உருட்டினேன். ஒயிலில் ஊறவேண்டிய கிளச்சைச் சவுக்காரத்தில் தோய்க்கச் சொன்ன மூளைசாலி ஆர் என்று கராச்காரன் கேட்ட கேள்வி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது.

பின்னேரம் தண்ணீர்ச் செய்தி கேட்டுச் சனம் வந்தது. சிறி அண்ணையும் நானும் கதிரைகளில் பக்கத்துப் பக்கமாக, நிலத்தைப் பார்த்தபடி இருந்தோம். வந்தவர் ஒருவர் எங்களைக் காட்டி, "ரெண்டு பேரும் மருமக்களோ, ஐயா?" என்று கேட்டார். 'மற்றவர்' வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமா எங்களை ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"ஓம். ரெண்டு மருமக்கள். ரெண்டும் ஒண்டுதான். ஒரு வித்தியாசமும் இல்லை."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வசனம். இதற்காகத்தானா இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிறி அண்ணை இப்போதும் கிழமைக்கு ஒருக்கால் கனடாவிலிருந்து வீடியோவில் வருவார். அந்நேரம் நாங்களும் மாமா வீட்டில்தான் இருப்போம். மாமா ஒரு கண்ணைப் போனிலும் மற்றக் கண்ணை என்னிலும் வைத்துக்கொண்டு, கிணற்றடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "பிள்ளை வாசுகி, உடுப்பு ஊறப்போட்டிட்டியே? கொஞ்சம் பொறு. மருமக்களிட்டக் கிளச் ஏதும் கிடக்கோ எண்டு கேட்டுச் சொல்லுறன்."