மாமாவின் முதல் மொட்டை

பட்டியல் போட்டு வேலை செய்பவர்களிடம் தவறுகூட வரிசைப்படிதான் நடக்கும். நான் அந்த வகை. (பெட்டி கட்டும் முன் பெட்டிக்கே ஒரு பட்டியல் உண்டு.)

சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இரண்டாம் வருடம். கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் ஒரு நொதியைச் சுரந்து, சுற்றியுள்ள திசுவைக் கரைத்து வழி செய்துகொண்டு பரவும். அந்த நொதிக்கான மரபணுவை முடுக்கிவிடும் புரதம் ஒன்று உண்டு. அதை அடக்கினால் நொதி நிற்க வேண்டும். அடக்கினேன். நிற்கவில்லை. செல்கள் வளர்ந்த திரவமான மீடியத்தை ஜெலட்டின் கலந்த நீல ஜெல்லின் குழியில் விட்டுப் பார்த்தேன்; நொதி கரைத்த இடம் டியூப்லைட் மாதிரி வெள்ளைக் கோடாக மின்னியது.

அப்படியானால் மரபணுவை முடுக்க வேறொரு ரகசிய வழி இருக்கிறது! உலகில் அது தெரிந்த ஒரே ஆள் நான். மறுவாரம் என் ஆய்வைப் பரிசீலிக்கும் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் உதவித்தொகை தொடரும். இனி என்ன கவலை? அப்பா இல்லாத என்னைப் படிக்கவைத்த குறிஞ்சிப்பாடி மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ரிசல்ட் வந்துடுச்சு மாமா."

"நல்லதாம்மா?"

"ரொம்ப ஜாஸ்தியாவே."

சட்டைப்பையில் சீப்பில்லாமல் மாமா வாசலைத் தாண்டமாட்டார். மறுநாள் காலை திருவந்திபுரம் பெருமாள் கோயிலிலிருந்து போட்டோ வந்தது. மொட்டை. எனக்காக வேண்டிக்கொண்டிருந்தாராம்.

அந்த நேரம் பார்த்து சீனியர் ஸ்டெல்லா அக்கா என் ஜெல்லைப் பார்த்தார்.

"வெறும் மீடியத்த ஒரு குழியில போட்டுப் பாத்தியா?"

"எதுக்குக்கா? அதுல செல்லே கெடயாதே."

"அதான் கேக்கறேன்."

போட்டேன். செல்லே இல்லாத குழியிலும் அதே டியூப்லைட். செல் வளர்க்கும் மீடியத்தில் கலக்கும் சீரம், கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதிலேயே அந்த நொதி உண்டு. அதைக் கழுவிவிட வேண்டும் என்பது என் பட்டியலில் இல்லை. ஆக, நான் கண்டுபிடித்தது ஒரு கன்றுக்குட்டியை.

வெறும் மீடியம் போட்டுப் பார்த்த கதையை மாமாவிடம் சொன்னேன்.

"சரி வுடு. பெருமாள்கிட்ட முடிய திருப்பியா கேக்க முடியும்? நெசமா வரட்டும், மறுபடி குடுக்கறேன். அதுக்குள்ள வளந்துடும்."

ஸ்டெல்லா அக்கா தன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு என்னோடு நின்றார். சீரத்தைக் கழுவி மறுபடி செய்தோம். கோடு மங்கியது, புரதத்தை அடக்கினால் நொதி குறையத்தான் செய்கிறது. கமிட்டி தலையாட்டியது. ரகசிய வழி போனது, உதவித்தொகை தங்கியது. முடி வளர்ந்ததும் மாமா சொன்னபடியே இரண்டாம் மொட்டை போட்டார். இந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் கமிட்டியில் நான் கன்றுக்குட்டிக்காக வாதாடியிருப்பேன்.

போன மாதம், பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றேன். மாமா தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"வெறும் மீடியம் போட்டுப் பாத்தியாம்மா?"