கட்டைவிரலுக்குப் பின்னால்

ஒற்றைக் கண்ணை மூடி, கையை விறைப்பாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் யாரிடமும் லிஃப்ட் கேட்கவில்லை. காட்சியை அளந்துகொண்டிருக்கிறார். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை ஓவியர். ஊருக்கு ஒருவராவது உண்டு. எங்களுக்கு மாடி வீட்டிலேயே கிடைத்தார். பன்னிரண்டு வருடங்களாக அந்தக் கட்டைவிரலைக் கவனித்துவருகிறேன். அது எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: அக்கரை ஆலையின் புகைபோக்கிக்கு நேராக.

திங்கள் முதல் சனி வரை அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிறு விடிந்தால் போதும், படத்தை நிறுத்தும் முக்காலிச் சட்டம், மடக்கு நாற்காலி, பதினெட்டு டியூப் எண்ணெய் வண்ணம், டர்பன்டைன் பாட்டில், பிரஷ் துடைக்கப் பழைய பனியன், மனைவி கொடுத்தனுப்பும் ஃபிளாஸ்க் என்று எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு வீடு காலி செய்கிறவர்போல் புறப்படுவார். போனதும் வரைவாரா? அதெப்படி? முதலில் வெளிச்சத்தைக் குறை சொல்ல வேண்டாமா?

"நேத்து இருந்த வெளிச்சம் இன்னிக்கு இல்லையே!"

நேற்று முழுக்க அவர் அலுவலகத்தில் இருந்தார்.

கடைசியில் படம் வரும். மலை, ஆறு, பாலம், பஞ்சு மேகம். நூறடிப் புகைபோக்கி மட்டும் வராது. "கண்ணை உறுத்துது தம்பி" என்பார். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே பாய்லருக்குக் கரி தள்ளித்தான் என் அப்பா என்னைப் படிக்கவைத்தார்.

ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. புகைபோக்கியையும் இடிக்கப்போகிறார்கள் என்றார்கள். அப்பா மாடிக்கு ஏறினார்.

"சார், மலை இருக்கு, பாலம் இருக்கு, தண்ணியில நிக்கிற எருமைகூட இருக்கு. நான் எங்க சார்? இடிக்கிறதுக்குள்ள சிம்னியோட ஒண்ணு போட்டுக் குடுங்க. வீட்ல மாட்டணும்."

"குடுத்துட்டாப் போச்சு அண்ணே!"

அப்பா அன்றைக்கே கூடத்தில் ஆணி அடித்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. புகைபோக்கி இருந்த இடத்தில் உயரமாக ஒரு மரம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, முப்பது வருஷமா மரத்தடியிலயா கரி தள்ளினீங்க?"

ஓவியர் அசடு வழிந்தபடி படத்தைத் திருப்பி எடுத்துப்போனார். அந்த நேரம் பார்த்து 'தொழிலும் மனிதனும்' என்று ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். அவ்வளவுதான், கட்டைவிரல் இடம் மாறிவிட்டது. இப்போது அது மறைத்தது மலையை! அதுவரை உறுத்திய புகைபோக்கி அவருக்கு ஒரே நாளில் உன்னதமாகிவிட்டது. ரத்தச் சிவப்பில் வானம், செத்துப்போன ஆறு, நடுவில் புகைபோக்கி, அதிலிருந்து கன்னங்கரேலென்று புகை. முதல் பரிசு.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கப் போனார். வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார்.

"ஏன் சார் புகை இவ்வளவு கறுப்பு?"

"அது ஒரு சோகம், அண்ணே."

"சோகம் இல்ல சார். பாய்லருக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம். இப்படிப் போச்சுன்னா எனக்கு மெமோ குடுத்திருப்பாங்க. என் ஷிஃப்டுல புகை இருக்கா இல்லையான்னே தெரியாது. லேசா, சாம்பல் கலர்ல போகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. முப்பது வருடம் பார்த்த வேலையைத் தப்பாகப் பார்த்ததாக ஒரு சுவரில் மாட்டிவைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

"மாத்தி உங்களுக்கே குடுத்துடறேன் அண்ணே. எண்ணெய் வண்ணம், முதல்ல காயணும்ல?"

புகைபோக்கி இடிந்து மூன்று வருடமாகிறது. ஓவியர் ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்குப் போகிறார். வெறும் வானத்துக்கு நேராகக் கட்டைவிரலை நீட்டுகிறார். பழக்கதோஷம்.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். போன வாரம் ஜன்னலிலிருந்து எடுத்த அழகான படத்தில் மின்கம்பத்தை வெட்டியெறிந்தது யார்? நான்கூட, கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில், 'தனியார் நிறுவன ஊழியர்' என்றுதான் எழுதினேன். பேனா பிடித்ததிலும் கட்டைவிரலுக்குப் பங்கு உண்டு.

மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் ஓவியர் அப்பாவிடம் சொல்கிறார்: "காஞ்சுக்கிட்டே இருக்கு அண்ணே."

கூடத்து ஆணியில் அம்மா இப்போது குடையை மாட்டுகிறாள். படம் வந்தால் எடுத்துவிடுவாளாம்.