குக்கரை அணைங்க

இது நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். அன்று மழை பெய்ததாகச் சொல்லத் தோன்றுகிறது. தூத்துக்குடியில் அவ்வளவு எளிதாக மழை பெய்யாது. தேவபிரசாதம் அழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் ஜெயகணேஷ். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். தேவபிரசாதம் அங்கே கணக்கர்.

"இந்த வருச வாக்குத்தத்த வசனம்."

"புத்தாண்டுக்கு உங்க சபையில கார்டு அடிச்சுக் குடுப்பாகளே, அதா?"

"ஆமா."

"வெளங்கும். ஊர்ல எல்லார் வீட்டுச் செவத்துலயும் உங்க பாஸ்வேர்டு தொங்குது."

"கர்த்தருடைய வார்த்தைப்பா. அதை வச்சு எவன் திருடுவான்?"

மனைவி இன்பமணி இறந்தபின் நாசரேத்து வீட்டைப் பூட்டிவிட்டு, முத்தையாபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார் தேவபிரசாதம். அந்த வீட்டுக்குள் கால் வைக்கத் தைரியமில்லை. ஆனால் அவள் அடுப்படியில் பாடிய கீர்த்தனை ஒன்று, அந்த வீட்டு ஹாலில் ரூட்டரோடும் பெரிய ஸ்பீக்கரோடும் இணைத்திருந்த சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது. அவள் குரல் வேறெங்கும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் பாட்டை நிறுத்தி, "ஏங்க, குக்கரை அணைங்க," என்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

ஜெயகணேஷ் அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, தேவபிரசாதத்தின் லேப்டாப்பில் ரகசியச் சாவி ஒன்றைப் போட்டான். "இனி இதைத் தவிர வேற எதுலயும் உள்ள நுழைய முடியாது. இங்க இருந்தே பாட்டைப் போட இந்த வரியை அடிங்க."

மாலையில் அறையில் தனியாக உட்கார்ந்து அடித்தார். பாட்டு ஓடுவதாகத் திரை காட்டியது. சத்தம் வரவில்லை.

சத்தத்தை முழுதாக ஏற்றினார். வரவில்லை.

மறுநாள் ஜெயகணேஷிடம் சொன்னார். "ஆரம்பத்துல சத்தம் இல்லாம இருக்கும். திரும்பத் திரும்ப ஓட விடுங்க அண்ணாச்சி."

ஓட விட்டார். ஒரு வாரம், மாலைதோறும், ஓசையில்லாத லேப்டாப்பின் முன்னால் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். குக்கர் வரும் இடம் இதுவாக இருக்குமோ என்று யோசிப்பார்.

"ஃபைல் கெட்டிருக்கும்," என்றான் மாலையில் அறைக்கு வந்த ஜெயகணேஷ். "பாட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும், ரிப்பேர் பண்ணிருவோம்."

ரிப்பேர் பண்ணினான். திரையை வெகுநேரம் பார்த்தான்.

"என்னலே?"

"ஃபைல் இருக்கு அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் இல்ல."

தேவபிரசாதம் லேப்டாப்பை மூடினார். நாசரேத்துக்குப் பஸ் ஏறினார்.

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுத் தெருவே உட்கார்ந்திருந்தது.

"யாரு போயிட்டா?"

"ஒருத்தரும் போவல," என்று பக்கத்து வீட்டு ஜெப்ஸி எழுந்து வந்தாள். "வீட்டுக்குள்ளதான் இருக்கீகன்னுல்லா நெனச்சோம். அழுதுக்கிட்டு இருப்பீகன்னு ஒருத்தரும் கதவைத் தட்டல."

"நானா? நான் இங்கன இல்லையே, ஜெப்ஸி."

"அப்பம் ஒரு வாரமா ஸ்பீக்கர்ல அக்கா பாட்டைப் போட்டது யாரு? அக்கா குக்கரை அணைங்கன்னு சொன்னதும், எங்க வீட்ல இவுக எந்திரிச்சுப் போயி எங்க அடுப்பை அணைச்சிட்டு வாராக. இன்னைக்கு ஏன் அண்ணாச்சி பாதியிலேயே நிப்பாட்டிட்டீக?"

ஜெயகணேஷ் இப்போது ஓசூரில் இருக்கிறான். தினமும்தான் வருகிறதே என்று தெருவில் யாரும் அந்தப் பாட்டைப் போனில் பிடித்து வைக்கவில்லை. தேவபிரசாதம் நாசரேத்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஜெப்ஸியின் கணவர் பவுல் மட்டும், சாயங்காலம் அந்த நேரமானால் யாரும் சொல்லாமலே எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறார். சோறு பல நாள் வேகாமல் கிடக்கிறது.