ஆம்ப்ரோஸ் பனிப்பூட்டுத் தேர்ந்த படலம்

பனிமுடி சூடிய டிரோல் மலைநாட்டில், இன்ஸ்ப்ருக் நகரத்து மருந்துக்கடை வேந்தன், தராசுத்தட்டின் தனிப்பெருந் தலைவன், மலையேறும்போது பாரம் குறைய வேண்டுமென்று பல்துலக்கியின் காம்பைப் பாதியாய் அறுத்த பேரறிவாளன், அதே நோக்கில் மேற்சட்டையின் உள்ளே தைத்திருந்த சலவைக் குறிப்பையும் கத்தரித்தெறிந்த கடுந்துறவி, ஆம்ப்ரோஸ் என்னும் அண்ணலின் புகழ் பாடப் புகுந்தோம். மலைகாள், செவி சாய்ப்பீராக! வேறு வேலை இருந்தால் அதையும் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

அண்ணலின் நெஞ்சில் ஆறாப் புண் ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் சறுக்குக் கட்டைகளின் அடியில் வழுக்காப் பட்டை ஒட்டி, மலைமேல் நடந்தேறி, உச்சியில் கறுப்பு ரொட்டியும் புகையூட்டிய பன்றியிறைச்சியும் உண்டு, பின்னர்ச் சறுக்கி இறங்குவது அவனும் மனைவி வ்ரோனியும் மணநாள் தொட்டுக் காத்துவந்த நோன்பு. ஆனால், மான்நடைப் பாவையாகிய வ்ரோனியோ அவனுக்கு முக்கால் மணி முன்பே உச்சியை எட்டிவிடுவாள். மலைக்காற்று ஊளையிட, மூக்கு சிவக்க, ஒற்றையாய் அமர்ந்து உண்டு முடித்து, அவன் தலை தெரியும் வேளையில் ரொட்டித்தூளை உதறிக்கொண்டிருப்பாள். இத்தாமதத்தின் காரணத்தை ஆராயப் புகுந்த அறிஞன் தன் திருவயிற்றை நோக்கினானில்லை. அதைத் தாண்டி, அரும்பாடுபட்டுக் குனிந்து, காலணியைக் கட்டையோடு பிணைக்கும் பைண்டிங் என்னும் பூட்டை நோக்கினான். "இதுவே பகை! இதன் கனமே பகை!" என்று முழங்கினான். வீட்டில் யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் இன்னும் அரைமணி பேசுவான்.

அன்று தொடங்கியது ஆறு வாரப் பெரும்போர். இருமலோடும் காய்ச்சலோடும் வந்த குடிமக்கள் வரிசையில் வாடி நிற்க, மருந்து நிறுக்கும் தராசில் பூட்டுகளை ஏற்றி இறக்கினான் ஏந்தல். நானூறு கிராம் வீரன் ஒருபுறம் உறுமினான்; முந்நூற்று முப்பது கிராம் வீரன் மறுபுறம் தொடை தட்டினான்; இருவரையும் புறங்கண்டு, முன்னே இரண்டு முள்ளும் பின்னே ஒரு துளி உலோகமுமாய், நூற்றறுபத்தைந்தே கிராம் எடையில் கொசுவினும் நொய்யன் ஒருவன் அரியணை நோக்கி வந்தான். ஒப்பீட்டுப் பட்டியல்கள் வளர்ந்தன. ஆறு ஞாயிறுகள் கழிந்தன. "தக்க பூட்டின்றிக் களம் புகேன்" என்று சூளுரைத்த வீரன் சாய்வு நாற்காலியை விட்டு எழவேயில்லை, வ்ரோனி தனியே போய்த் தனியே வந்தாள்.

ஏழாம் வாரத்துச் சனிக்கிழமைக் காலையில் காபிக் கோப்பையை நங்கென்று வைத்தாள் அவள்.

"நாளைக்கு மேல ரொட்டியப் பிரிக்கறப்ப நீ என் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து பக்கத்து வீட்டு ருப்பெர்ட் கோஷ்டியோட சேந்துக்கறேன். அவங்க இடம் வெச்சிருக்காங்க. எனக்கும் தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு."

அறுபத்திரண்டு வயதிலும் ஆட்டுக்கிடா போல மலையேறும் ருப்பெர்ட்டின் பெயர் கேட்டதும், அண்ணலின் மீசை துடித்தது. உடனே கட்டைகளைத் தோளில் ஏற்றி, மனைவி பின்தொடர, நோட்புர்கா என்னும் பெருமாட்டியின் பனிச்சறுக்குக் கடைக்குள் படையெடுத்தான். "நூற்றறுபத்தைந்து கிராமைக் கொணர்க!" என்று ஆணையிட்டான். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரின் கால்களை எல்லாம் பார்த்துச் சலித்திருந்த நோட்புர்கா ஒரு படிவத்தை நீட்டினாள்.

ஐயகோ! அப்படிவத்தில் வயது இருந்தது, உயரம் இருந்தது, காலணியின் நீளம் இருந்தது, அவற்றிடையே வாய்பிளந்த பாம்பாய் 'உடல் எடை' என்றொரு கட்டமும் இருந்தது. மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரன் மூச்சை உள்ளிழுத்து, வயிற்றை ஒடுக்கி, எண்பத்திரண்டு என்று எழுதினான்.

நோட்புர்கா அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "இந்த எண்ண வெச்சுத்தான் பூட்டோட இறுக்கத்தத் திருகி வெக்கப்போறேன் ஆம்ப்ரோஸ். கம்மியா எழுதினா, இறங்கறப்ப முதல் திருப்பத்துலயே பட்டுனு கழண்டுக்கும், நீ உருண்டு வருவ. கூட எழுதினா, விழறப்ப கழலாது, கால் போயிடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. கீழ கையெழுத்துப் போடணும்."

எண்பத்திரண்டாம் அரண் வீழ்ந்தது. அதை அடித்துவிட்டு எண்பத்தெட்டில் பாசறை அமைத்தான். அங்கும் நிலைக்க முடியாமல் தொண்ணூற்று மூன்றுக்குப் பின்வாங்கினான். கடைசியில், காதுமடல் சிவக்க, கோட்டைக் கதவைத் தானே திறந்துவிட்டான்: தொண்ணூற்றேழு.

"பதினஞ்சு கிலோ," என்றாள் வ்ரோனி. "இருநூறு கிராமுக்கா ஆறு ஞாயித்துக்கிழமை என்னத் தனியா அனுப்பின?"

நிராயுதபாணியாய் நின்ற வீரன் கடைசிக் கணையை எய்தான். "உன் பூட்டு எத்தனை கிராம்? அதச் சொல்லு முதல்ல!"

"எனக்கென்ன தெரியும்? எங்கப்பா போட்டுக்கிட்டிருந்தது."

"ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் கிலோ," என்றாள், வருடந்தோறும் அவற்றுக்கு எண்ணெய் போடும் நோட்புர்கா.

கிராம்களின் காவலன், கொசுப்பூட்டின் காதலன், மண உறுதி கொடுத்த நாள் முதல் மனைவியின் காலடியை ஒருமுறையும் குனிந்து பாராத மாமேதை, நாணத்தால் குன்றினான். உண்மையாகவே குன்றினான், சொல்வதற்கே நமக்குச் சங்கடமாக இருக்கிறது. உச்சியில் அவள் உட்கார்ந்திருந்த குளிரை அன்றுதான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தான். எது கைக்கு வந்ததோ அதைக் காட்டி, "இதையே மாட்டு" என்றான். அது நானூறு கிராம்.

"துளை போட்டுப் பசை காயணும். செவ்வாய்க்கிழமை வா," என்றாள் நோட்புர்கா.

மூவுலகும் திகைக்க, திசையானைகள் பிளிற, விதி கைகொட்டிச் சிரிக்க, கொடி சாய்ந்து முடி சரிந்த கோமகன், கடையின் மூலையில் யார் யாரோ மிதித்துத் தேய்த்த கனத்த கட்டைகளை ஒருநாள் வாடகைக்கு ஏந்தி, விடிந்ததும் வெண்மலை நோக்கி வீறுநடை போட்டான்.

அவன் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தான், வ்ரோனி இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.