கல்லுக்குப் பின்னால் ஒரு மீன்

“மீன் எங்கேம்மா?”

காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்ட இருபதாவது ஆள், ஒரு கன்னம் மட்டும் பந்து போல வீங்கியிருந்த வாத்தியார்.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் வரிசை எண் கூப்பிடுவது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் ‘டோக்கன் அக்கா’. அவளுடைய மேசைக்கு எதிரே நாலடி நீளப் புதுக் கண்ணாடித் தொட்டி. உள்ளே தண்ணீர், மணல், பெரிய கருங்கல் ஒன்று, குமிழி விடும் மோட்டார் எல்லாம் இருந்தன. மீன் மட்டும் இல்லை.

டாக்டர் அறையில், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நீந்தும் ஏழு சிவப்பு மீன்களுக்காக வாங்கிய தொட்டி அது. ஆனால் மீன்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். “இதெல்லாம் பூஞ்சை மீனு, புதுத் தண்ணியில உடனே விட்டா ஏழும் செத்து மிதக்கும். மூணு வாரம் சும்மா ஓடட்டும். அப்புறம் விடுங்க.”

இதைப் பத்தொன்பது பேருக்குப் பொறுமையாக விளக்கியாயிற்று. பத்தொன்பது பேரும் “வெறுந் தண்ணிக்கா மோட்டார் ஓடுது?” என்று சிரித்தாயிற்று. இருபதாவது ஆளிடம் அவள் வாய் தானாகவே பேசிவிட்டது.

“கல்லுக்குப் பின்னாடி இருக்கு சார். கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

வாத்தியார் உடனே தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள்.

“ஏன் பாப்பா, உள்ள ஒண்ணும் இல்லேன்னுதானே சொன்னே?”

“ஷ்ஷ்! மெதுவா ஆயாம்மா.”

“டாக்டர் காதுல விழுந்தா?”

டோக்கன் அக்கா டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டருக்கு எல்லாம் பொறுக்கும், நோயாளியிடம் பொய் சொன்னால் மட்டும் பொறுக்காது. அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவள் யாரிடமோ “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லி, அன்று மாலையே வேலை போய் வீட்டுக்குப் போனவள். இவளோ தற்காலிகம். நிரந்தரமா இல்லையா என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும்.

மறுநாள் மறுபடி கன்னத்தைக் காட்ட வந்த வாத்தியார் ஹாலே அதிரக் கத்தினார். “பார்த்துட்டேன்! கறுப்பா, நீளமா, மீசையெல்லாம் இருக்கு!”

பாவம், காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவரையே முதலில் உள்ளே அனுப்பினாள்.

அதோடு விட்டதா? அடுத்து வந்த அம்மாள் வாலைப் பார்த்தாள். அவள் கணவர் மீசையைப் பார்த்தார். ஒருவர் பார்த்ததாகச் சொன்னால் இன்னொருவர் சும்மா இருப்பாரா என்று டோக்கன் அக்கா உள்ளுக்குள் சிரித்தாள். மறந்தும் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. தான் சொன்ன பொய்யைத் தானே வெறித்துப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

கண்ணாடியைத் தட்டினார்கள். ‘தட்டாதீர்கள், பயப்படும்’ என்று எழுதி ஒட்டினாள். அதைப் படித்து, பார்க்காதவர்களும் பார்க்க வந்தார்கள். “எண் பதினாலு!” என்று கூப்பிட்டால், “இருங்க, இப்ப வெளிய வரும்போல இருக்கு” என்று பதில் வந்தது. பல் சரியாகிவிட்ட வாத்தியார் தினமும் வந்தார்.

டாக்டரே ஒருநாள் அவளிடம் வந்து நின்றார். “ஏம்மா, அந்த மீசைக்காரனை நீதான் வாங்கி விட்டியா?”

இல்லை என்றால் வேலை போய்விடும். “ஆமா டாக்டர்.”

“நேத்து பார்த்தேன். கம்பீரமா இருக்கான்.”

டோக்கன் அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. பொய்யே ஆகாது என்ற மனுஷரும் கடைசியில் இப்படித்தானா!

“நம்ம ஏழு பேரையும் முழுங்கிட மாட்டானே?”

“சேச்சே, பரம சாது.”

“எதுக்கும் மீன்கடைக்காரர் திங்கட்கிழமை வந்து பார்க்கட்டும். அன்னிக்குத்தானே மூணு வாரம் முடியுது?”

மீன்கடைக்காரர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தாள். திங்கட்கிழமை காலை, ஹால் நிறைந்த பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாரும் மன்னிக்கணும். நம்ம மீசைக்காரன்… இன்னிக்குக் காலையில செத்துப்போயிட்டான். பின்பக்கச் செடிக்கு அடியில என் கையாலயே புதைச்சேன்.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு அவள் மேசைக்கு வந்தார். அவர் கையில், அவள் மூன்று மாதமாகக் காத்திருந்த நிரந்தர ஆர்டர் இருந்தது.

“நல்ல மனசும்மா உனக்கு. இனி மீன்கடைக்காரர் வந்து பார்க்க வேண்டியதில்லை. முதல்ல மீன்களை விடு. அப்புறம் இதை வாங்கிக்கோ.”

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மீன்கடைக்காரர் சொன்னபடியே எல்லாம் செய்தாள். ஏழு மீன்களையும் கிண்ணத்துத் தண்ணீரோடு பையில் பிடித்தாள். பையைக் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டாள். சூடும் குளிரும் சமமாக அரைமணி நேரம் காத்திருந்தாள். பிறகு கட்டை அவிழ்த்து, தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகப் பைக்குள் ஊற்ற, மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தொட்டிக்குள் குனிந்தாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து முதலில் இரண்டு மீசை வந்தது. அப்புறம் ஒரு வாய். அப்புறம் கறுப்பாக, நீளமாக, அவள் முழங்கையளவு ஒரு உடம்பு வந்து பையை முட்டி முகர்ந்தது.

கரண்டி தண்ணீருக்குள் விழுந்தது.

“உயிரோட இருக்கான்!” என்று வாத்தியார் துள்ளிக் குதித்தார்.

“புதைச்சேன்னு சொன்னியே?” என்றார் டாக்டர். ஆர்டரை நீட்டியிருந்த கை அப்படியே நின்றது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆயாம்மா அருகே வந்து, ஆதரவாக டோக்கன் அக்காவின் முதுகைத் தடவினாள்.

“உன் பேச்சு பொய்யாயிடக் கூடாதேன்னு, சமைக்க உயிரோட வாங்கி வெச்சிருந்த கெளுத்தியை மறுநாள் விடியறதுக்குள்ள கொண்டாந்து விட்டேனே பாப்பா, ஒருநாள்கூடவா நீ எட்டிப் பார்க்கலே?”