தாய்மாமன் மடியும் எழுபது மீட்டர் இறக்கையும்

ஊருக்கு ஊர் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கிறது, தேடிப் போக வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்தால் ‘நாம ஜெயிச்சுட்டோம்’ என்பார்கள். ராக்கெட் மேலே போனால் ‘நாம விட்டுட்டோம்’ என்பார்கள். எதிர்வீட்டுப் பெண் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால், ‘நம்ம தெரு சாதிச்சுடுச்சு’ என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக ஸ்வீட் பாக்ஸுக்குக் கை நீட்டுவார்கள். தோற்றால்? ‘அவனுங்க தோத்துட்டானுங்க.’ இவர்களுக்கு ‘நாம’க்காரர்கள் என்று பெயர் வைத்துவிடலாம்.

இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் திருவொற்றியூருக்கு வந்து ராமதாஸ் என்று கேளுங்கள். அவர் கையில் இருப்பது ரேஷன் கார்டு, ரீசார்ஜ் தீர்ந்த செல்போன், தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலை மின்சாரம்.

எண்ணூர்ப் பக்கத்து யார்டிலிருந்து காற்றாலை இறக்கைகளை ஒவ்வொன்றாக டிரெய்லரில் படுக்கவைத்துத் தெற்கே கயத்தாறு பக்கம் அனுப்புவார்கள். ஓர் இறக்கை எழுபது மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டுகிறவரை வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும். ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் நுனியில் கவட்டை கட்டிய நீள மூங்கில். ரோட்டின் குறுக்கே தொங்குகிற கேபிள் ஒயரை அந்த மூங்கிலால் தூக்கிப் பிடித்தால், இறக்கை அடியில் நுழைந்து போகும். போனதும் ஒயரை இறக்கிவிடலாம். வேலை அவ்வளவுதான். எட்டு வருஷமாக ராமதாஸ் இதைச் செய்கிறார். ஒரு ஒயர் அறுந்ததில்லை, ஒரு இறக்கையில் கீறல் விழுந்ததில்லை. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

வாய்தான் கொஞ்சம் நீளம். முதல் வருஷம், ‘கம்பெனிக்காரங்க காத்துல கரண்டு எடுக்கறாங்க’ என்றார். இரண்டாம் வருஷம், ‘எடுக்கறோம்’ என்றார். ஐந்தாம் வருஷம், ‘நான் அனுப்பிச்சுகினு கீறேன்’ என்றார். ‘பதினோராயிரம் மெகாவாட்டுக்கு மேல போயிட்டோம்’ என்று அவர் டீக்கடையில் சொல்லும்போது, அதை அவரே மூங்கிலில் மாட்டித் தூக்கிவைத்துவிட்டு வந்த மாதிரி தோளைத் தேய்த்துக்கொள்வார். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் பேரம் படியாவிட்டால் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் காட்டி, அது யாரால் சுற்றுகிறது தெரியுமா என்று கேட்பார். கடைக்காரர் சுவிட்சைப் பார்ப்பார், பாவம்.

தெருவில் கரண்டு போனால் ஜனங்கள் மின்வாரியத்துக்குப் போன் போட மாட்டார்கள், இவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். கேலிக்குத்தான். ஆனால் இவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, ஆரல்வாய்மொழியில் இன்றைக்குக் காற்று கொஞ்சம் டல், சாயங்காலத்துக்குள் சரிபண்ணிவிடலாம் என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவைப்பார். காற்றுக் கரண்டில் குஜராத் நம்மை முந்திவிட்டது என்று செய்தி வந்த அன்று, மனிதர் வஞ்சிரக் குழம்பைத் தொடவில்லை. அவருடைய மனைவி புஷ்பவல்லி காசிமேட்டில் மீன் விற்கிறவள், மீனவக் குடும்பத்தில் பிறந்தவள், காலையில் கடற்கரையில் நின்று மூக்கை நீட்டினாலே அன்றைக்கு என்ன காற்று என்று சொல்லக்கூடியவள். அவள் தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“நீ துன்னாம கீறதால அவன் இன்னா பின்னால வந்துடுவானா?”

சரி, விஷயத்துக்கு வருவோம். ராமதாஸின் தங்கை ஜெயஸ்ரீ, எண்ணூர் பீச் ரோட்டை ஒட்டிய குப்பத்தில் வாக்கப்பட்டவள். அவளுடைய மகள் அம்முவுக்கு மூன்று வயது. இன்னும் காது குத்தவில்லை. ஏன்? காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் மடியோ எப்போதும் இறக்கைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப்போட்டாகிவிட்டது. இப்போது ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு எமகண்டம், விட்டால் ஆடி. மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பன்னிரண்டுக்குள் மாமன் வராவிட்டால் சித்தப்பா வெற்றியின் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுவார்கள். இதைவிட ஒரு தாய்மாமனுக்கு என்ன அவமானம் வேண்டும்? ஜெயஸ்ரீ அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணே, எனக்கு உன் மடி வோணும். உன் மெகாவாட்டு வோணாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இறக்கை கிளம்புவதாகவும் இருந்தது. உங்களையும் என்னையும் போன்றவர்கள் லீவு போட்டிருப்போம். ராமதாஸ் லீவு போடவில்லை, திட்டம் போட்டார். இந்தக் காலத்தில் தாய்மாமன்கள் சும்மாவா வருகிறார்கள்? ஒருவர் மாட்டுவண்டியில் சீர் கொண்டுவருகிறார், ஒருவர் ஜேசிபியில் வருகிறார். எழுபது மீட்டர் இறக்கையைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்த தாய்மாமன் இந்த உலகத்தில் உண்டா? வண்டி வழக்கமாகப் போகிற சாத்தாங்காட்டு வழியை விட்டுவிட்டு பீச் ரோட்டில் திருப்பினால் தங்கை வீட்டுத் தெருமுனை வரும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி வீட்டார் வாயைப் பிளப்பார்கள். இவர் கொடியை உயர்த்தி வண்டியை நிறுத்திவிட்டு, சீர்த்தட்டோடு உள்ளே போய், பதினைந்து நிமிஷத்தில் மடியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

இதற்கு முன்னேற்பாடாக, முந்தின நாளே அந்தத் தெருமுனை வளைவில் தனக்கு இருபதடி உயரத்தில் ஒரு கட்டவுட் வைத்தார். கும்பிட்ட கை, கூலிங்கிளாஸ், பின்னணியில் காற்றாலைகள், ‘தாய்மாமன் வருகிறார்’ என்று எழுத்து. கடற்கரைக் காற்றுக்கு விழுந்துவிடக் கூடாது பாருங்கள், சவுக்குக் கழிகளைக் குழிதோண்டி நட்டு, சிமெண்டும் போட்டார். எந்தக் காற்றுக்கும் அசையாது என்று அவரே ஆட்டிப் பார்த்துச் சொன்னார். காற்றைப் பற்றி அவர் சொன்னதில் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான்.

டிரெய்லர் டிரைவர் பஷீர் தெற்கே மேலப்பாளையத்துக்காரர். சாத்தாங்காட்டு வழியில் பள்ளம் தோண்டிவைத்திருக்கிறார்கள் என்று ராமதாஸ் கூசாமல் ஒரு பொய் சொன்னதும், அவர் தாடையைத் தடவிக்கொண்டார். “அண்ணாச்சி, அந்த வளைவுல வண்டி திரும்புமா?” என்றார். “நான் கீறேன்ல” என்றார் ராமதாஸ்.

வண்டியின் தலை திரும்பியது. பந்தல் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்து நின்றார். ராமதாஸ் மூங்கிலால் கேபிள் ஒயரைத் தூக்கிப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, பந்தல் பக்கம் ஒரு புன்னகையும் விட்டார். அப்போது பார்த்து இறக்கையின் வால் வளைவில் மெல்ல ஒதுங்கி வந்து, கட்டவுட் ராமதாஸின் கன்னத்தில் செல்லமாகச் சாய்ந்து நின்றது. பஷீர் பிரேக் போட்டார். முன்னால் எடுத்தால் கட்டவுட், பின்னால் எடுத்தால் டிரான்ஸ்பார்மர். கட்டவுட்டின் கழியை அறுக்கலாம் என்றால், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கரண்டை நிறுத்தாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று அங்கே வந்து நின்ற போலீஸ்காரர் சொல்லிவிட்டார். மின்வாரியத்துக்குப் போன் போட்டால், ‘வந்துகினே கீறோம்’ என்றார்கள். மணி பதினொன்று. காற்றுக் கரண்டு வாழ வேண்டுமென்றால் தெருக் கரண்டைக் கொல்ல வேண்டும் என்ற நிலைமை.

பந்தலுக்கும் ராமதாஸுக்கும் ஐம்பது அடி தூரம். ஒயரை விட்டால் அது இறக்கையின் மேல் விழுந்து சிக்கும், நாலு தெருவுக்கு டிவி, இன்டர்நெட் எல்லாம் போகும். எட்டு வருஷத்துப் பேரும் கூடவே போகும். வண்டியின் வாலோடு வருகிற இன்னொரு மூங்கில்காரர், பின்னால் பேஜாராகி நின்ற பஸ்களைச் சமாளிக்கப் போயிருந்தார். வேறு யாரிடமாவது கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். சித்தப்பா வெற்றி அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.

“ஒண்ணு கழியக் குடு மாமா, இல்லாட்டி மடிய வுட்டுக் குடு” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் எரிந்தது.

ராமதாஸ் மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்; எட்டு வருஷத்துப் பேரை வேறு கையில் கொடுக்க மனசு வரவில்லை. தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. மெகாவாட்டு ஒன்றும் வரவில்லை. வேர்வை மட்டும் வந்தது, அதோடு சேர்ந்து கண்ணிலும் தண்ணீர் வந்தது. மூன்றாவது தடவையும் தங்கையை ஏமாற்றப் போகிறோம் என்று வந்த நிஜமான கண்ணீர். “வண்டியில ஏறி ஒக்காந்து அழுங்க அண்ணாச்சி, வெயிலு” என்று பஷீர் ஆறுதல் சொன்னார். “எங்கூர்ல இது ஆயிரக்கணக்குல நிக்கி. ஆடு மேய்க்கவன்கூட அண்ணாந்து பாக்க மாட்டான். நீங்க ஒண்ணுக்கே இந்தப் பாடு படுதியளே.”

மணி பதினொன்றே முக்கால். ஜெயஸ்ரீ பந்தலை விட்டு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அவர் அண்ணாந்து பிடித்திருந்த ஒயரைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நடுரோட்டில் போட்டு, உட்காரு என்றாள். உட்கார்ந்தால் மூங்கில் தாழ்ந்தது, ஒயரும் தாழ்ந்தது. உடனே புஷ்பவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தி மேஜை ஒன்றைத் தூக்கிவரச் சொன்னாள். மேஜை மேல் நாற்காலி, நாற்காலி மேல் ராமதாஸ், ராமதாஸ் கையில் மூங்கில், மூங்கில் மேல் நாலு தெருவின் டிவி. மடியில் அம்முவை ஏற்றிவைத்தார்கள். காது குத்த வந்த பத்தர் ஸ்டூல் போட்டு ஏறினார். தேர் மாதிரி ஆடியது மொத்தமும். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு மேஜைக் காலைப் பிடித்தார்.

முதல் காதுக்கே அம்மு வீல் என்று அலறினாள். மூங்கில் சாய்ந்தது, ஒயர் ஒரு சாண் இறங்கியது, தெருவே மூச்சைப் பிடித்தது. ஆனால் விடவில்லை மனிதர். இடது கையால் குழந்தையை அணைத்து, வலது கையால் மூங்கிலை நிமிர்த்தி, இரண்டாவது காதும் முடிகிறவரை கண்ணைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. ஜெயஸ்ரீ கீழேயிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடியே, “குத்தியாச்சுண்ணே” என்றாள்.

“குத்திகினோம் கண்ணு, நாம குத்திகினோம்” என்று ராமதாஸ் அம்முவின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். காது அம்முவுடையது.

பன்னிரண்டரைக்கு மின்வாரியத்தார் வந்து கரண்டை நிறுத்தினார்கள். பந்தலில் மைக்செட் செத்தது, விசிறி நின்றது, பிரியாணி சாப்பிட்டவர்கள் வேர்வையோடு வாழ்த்தினார்கள். கட்டவுட்டை அறுத்துச் சாய்த்தார்கள். இறக்கை ஒரு கீறலும் இல்லாமல் தெற்கே போனது. சாயங்காலம் டீக்கடையில் ராமதாஸ், தன் மருமகள் காதுகுத்துக்காகத் தமிழ்நாட்டுக் காற்று மின்சாரமே ஒன்றரை மணி நேரம் நின்று மரியாதை செலுத்திவிட்டுப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் கடைசி ஓவரில் சிக்ஸர் போனதும் சோபாவிலிருந்து எழுந்து ‘அடிச்சுட்டோம்டா’ என்று கத்தியது யார்? நீங்கள் எந்த முனையில் மட்டையோடு நின்றீர்கள்? மூன்று பத்திக்கு முன்னால் அம்முவின் காதில் ஊசி ஏறியபோது, ‘அப்பாடா, முடிச்சுட்டோம்’ என்று உங்கள் மூச்சு வெளியே வந்ததே, அது எனக்குக் கேட்டது. ராமதாஸாவது மூங்கிலைப் பிடித்தார்.